கம்பி இருக்கட்டும்

மலையேற வாங்கிய வண்டியில்தான் மகளைப் பள்ளிக்கும் அழைத்துப் போகிறோம்

மைசூரில் ஜிப்ஸி வைத்திருப்பவர்கள் இரண்டு கட்சி. முன்பக்கக் கம்பியைக் கழற்றியவர்கள் ஒரு கட்சி. கழற்றாதவர்கள் மறு கட்சி. இரண்டு கட்சிக்காரர்களும் ஒரே டீக்கடையில் சந்தித்துவிட்டால் அரசியல், கிரிக்கெட் எல்லாம் அப்புறம்தான். "கழட்டியாச்சா?" என்பதுதான் முதல் கேள்வி. நான் கழற்றாத கட்சி. சிறுபான்மை.

கம்பி என்று நாங்கள் சொல்வது ஸ்வே பாரை. ஸ்டெபிலைஸர் பார், ஆன்டி ரோல் பார் என்றும் பெயர்கள் உண்டு. விரல் தடிமன் ஸ்பிரிங் எஃகுக் கம்பி. 'ப' எழுத்தைப் படுக்கவைத்தது போல வளைந்திருக்கும். நடுப்பகுதி ரப்பர் புஷ்களின் வழியாக சேஸிஸில் உட்கார்ந்திருக்கும். இரண்டு முனைகளும் இரண்டு சக்கரங்களின் பக்கம் இணைந்திருக்கும். பிள்ளைகள் வரைந்தாலும் சரியாக வரைந்துவிடக்கூடிய அளவுக்கு எளிமையான பொருள்.

வேலையும் எளிமையானதுதான். இரண்டு சக்கரங்களும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கினால் கம்பி புஷ்ஷுக்குள் சும்மா சுழலும். அதற்கு வேலையே இல்லை. ஒரு சக்கரம் ஏறி மறு சக்கரம் இறங்கும்போதுதான் கம்பி முறுக்கிக்கொள்ளும். முறுக்கை எதிர்க்கும். வளைவில் வண்டி ஒரு பக்கம் சாயும்போது நடப்பது அதுதான்: வெளிப்பக்கச் சக்கரத்தின் ஸ்பிரிங் அமுங்குகிறது, உள்பக்கத்து ஸ்பிரிங் விரிகிறது. "அவ்வளவு சாயாதே" என்று இழுத்துப் பிடிப்பது இந்தக் கம்பி. தடிமன் கொஞ்சம் கூடினாலும் விறைப்பு எக்கச்சக்கமாகக் கூடும். 20 மி.மீ. கம்பியை 22 மி.மீ. ஆக்கினால் விறைப்பு சுமார் 46 சதவீதம் அதிகம்.

அப்புறம் ஏன் கழற்றுகிறார்கள்? தார் ரோட்டில் உதவி செய்யும் அதே குணம் காட்டில் எதிரியாகிவிடுகிறது. முன் இடது சக்கரம் பாறை மேல், முன் வலது சக்கரம் பள்ளத்தின் மேல். வலது சக்கரம் பள்ளத்துக்குள் இறங்கி மண்ணைத் தொட வேண்டும். கம்பி விடாது. சக்கரம் அந்தரத்தில் தொங்கும். சாதாரண டிஃபரன்ஷியலுக்கு ஒரு கெட்ட குணம்: எந்தச் சக்கரம் சுலபமாகச் சுற்றுகிறதோ அதைத்தான் சுற்றவிடும். தொங்கும் சக்கரம் மின்விசிறி போலச் சுற்ற, மண்ணில் இருக்கும் சக்கரம் வேடிக்கை பார்க்கும். கம்பியைக் கழற்றிவிட்டால் சக்கரம் இன்னும் கொஞ்சம் கீழே இறங்கும். அந்தக் கொஞ்சத்தில் வண்டி ஏறிவிடலாம்.

மைசூரில் இந்தப் பேச்சு இவ்வளவு சூடாக நடப்பதில் ஆச்சரியமில்லை. 1961 முதல் 1996 வரை ஜாவா, யெஸ்டி பைக்குகள் யாதவகிரியில் தயாரான ஊர் இது. ஹூட்டகள்ளியில் லாரி ஆக்ஸில் செய்யும் தொழிற்சாலை இருக்கிறது. தெருவுக்கு ஒருவராவது ஸ்பானர் பிடித்தவர் இருப்பார். இரண்டு மணி நேரம் ஓட்டினால் கொடகு. காப்பித் தோட்டத்துச் சரிவுகளில் மழைக்காலத்தில் சாதாரண கார் நகராது. 2018 ஆகஸ்ட் மழையில் கொடகில் மலைச்சரிவு ஏற்பட்டுச் சாலைகளே அடித்துச் செல்லப்பட்டபோது நான்கு சக்கர இழுவை உள்ள வண்டி பொழுதுபோக்குச் சாமான் அல்ல என்பது எல்லோருக்கும் புரிந்தது.

பழைய ஜீப்காரர்கள் ஒரு வாதம் வைப்பார்கள். "வில்லிஸ் ஜீப்பில் ஏது கம்பி? அதை ஓட்டித்தானே உலக யுத்தமே நடந்தது?" உண்மைதான். 1941-ல் வந்த வில்லிஸில் இந்தக் கம்பி இல்லை. ஆனால் அந்த ஜீப் சண்டைக்களத்துக்காகச் செய்யப்பட்டது. அதன் வாரிசுகள் நெடுஞ்சாலைக்கு வந்தபோதுதான் கேள்விகள் எழுந்தன. 1980 டிசம்பரில் அமெரிக்காவின் '60 மினிட்ஸ்' தொலைக்காட்சி நிகழ்ச்சி ஜீப் சிஜே-5 கவிழும் காட்சிகளைக் காட்டியது. 1988-ல் 'கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ்' பத்திரிகை சுஸுகி சாமுராய் திடீர் திருப்பத்தில் சாய்ந்துவிடுகிறது என்று சொல்லி, அதை ஏற்கத்தகாத வண்டி என்று அறிவித்தது. சுஸுகி 1996-ல் வழக்குப் போட்டது. 2004-ல் சமரசம் ஆயிற்று. சாதாரணமாக ஓட்டும்போது எளிதில் கவிழும் என்று தாங்கள் சொல்ல வரவில்லை என்று பத்திரிகைத் தரப்பு விளக்கியது.

யார் சரி என்பது இங்கே முக்கியமில்லை. சாமுராய் நம் ஜிப்ஸியின் நெருங்கிய சொந்தம் என்பதுதான் முக்கியம். நம்முடையது கொஞ்சம் நீளமானது, அவ்வளவுதான். 1985 கடைசியில் சந்தைக்கு வந்த ஜிப்ஸியின் சக்கரங்களுக்கு இடைப்பட்ட அகலத்தை மாருதி 1993-ல் 90 மி.மீ. கூட்டியது. குறுகலான, உயரமான வண்டிக்கு ஒவ்வொரு அங்குல அகலமும் பலம். அந்த வண்டியில் கம்பி இருப்பது முன்பக்கம் மட்டும்தான். அதையும் கழற்றினால் மிச்சம் ஒன்றுமில்லை. லாரியில் இருப்பது போன்ற பட்டை ஸ்பிரிங்கின் விறைப்பு மட்டுமே துணை.

இன்னொரு விஷயம் டீக்கடை விவாதங்களில் வருவதே இல்லை. கம்பியைக் கழற்றினால் வண்டி கூடுதலாகச் சாயும் என்பது எல்லோருக்கும் தெரியும். முன்புறம் மட்டும் விறைப்பு குறைந்தால், வளைவின் பாரத்தில் பெரும் பங்கைப் பின் சக்கரங்கள் சுமக்க வேண்டி வரும் என்பது பலருக்குத் தெரியாது. அவசரத்தில் ஸ்டியரிங்கை ஒடிக்கும்போது முன்பக்கம் கொஞ்சம் வழுக்கினால் சமாளிக்கலாம். பிரேக்கைத் தொட்டால் அடங்கும். பின்பக்கம் வழுக்கினால் சாதாரண டிரைவருக்குச் சமாளிக்கத் தெரியாது. தயாரிப்பாளர் முன்பக்கம் கம்பி வைத்ததில் இந்தக் கணக்கும் இருக்கிறது.

என் கணக்கைச் சொல்கிறேன். வருஷத்துக்குச் சுமார் 8,000 கி.மீ. ஓட்டுகிறேன். அதில் சுண்டிகொப்பா பக்கம் உறவினரின் தோட்டத்துக்குள் ஓடுவது 150 கி.மீ.கூடத் தேறாது. நூற்றுக்கு இரண்டுக்கும் குறைவு. மீதி முழுக்க ஆபீஸ், பள்ளி, தேவராஜா மார்க்கெட், ரிங் ரோடு. என் ஜிப்ஸியின் பின்பக்கத்தில் எதிரெதிராக இரண்டு பெஞ்சுகள். பெல்ட் கிடையாது. அம்மா கூட வந்தால் அவருக்கு முன்சீட். பதினொரு வயது மகள் பின்னால் போய்விடுவாள்.

போன வருஷம் ஒரு சாயங்காலம் போகாதி சந்திப்பைத் தாண்டி ரிங் ரோட்டில் போய்க்கொண்டிருந்தோம். வேகம் 60 இருக்கும். மீடியன் இடைவெளியில் ஒரு ஸ்கூட்டர் தவறான திசையில் புகுந்தது. ஓட்டியவர் பின்னால் ஒரு பெண்மணி, மடியில் குழந்தை. இடது பக்கம் ஒடித்தேன். உடனே வலது பக்கம் திருப்பி நேராக்கினேன். இரண்டு விநாடி சமாசாரம். வண்டி ஒரு முறை சாய்ந்தது, மறு பக்கம் சாய்ந்தது, நின்றது. மகள் ஒரு பெஞ்சிலிருந்து சறுக்கி எதிர் பெஞ்சின் கம்பத்தில் முழங்கையை இடித்துக்கொண்டாள். "ஒண்ணும் இல்லப்பா" என்றாள். அம்மா மட்டும் வீடு வரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை.

இப்படிப்பட்ட நேரத்தில் ஆபத்து முதல் சாய்வில் அதிகம் இல்லை. இரண்டாவதில்தான். முதல் சாய்வில் அமுங்கிய ஸ்பிரிங்குகள் நிமிரும் நேரத்தில் நாம் எதிர்ப்பக்கம் திருப்புகிறோம். இரண்டும் சேர்ந்துகொண்டு வண்டியை இன்னும் பலமாக மறு பக்கம் தள்ளுகின்றன. முதல் சாய்வு எவ்வளவு சிறியதோ அவ்வளவுக்கு இரண்டாவது சாய்வும் அடங்கும். கம்பி இருந்தும் என் மகள் பெஞ்சு மாறி விழுந்தாள். இல்லாதிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளும் ஆசையும் இல்லை.

சரஸ்வதிபுரத்து நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். அவர் கம்பியைக் கழற்றி ஆறு வருஷம் ஆகிறது. ஒன்றும் ஆகவில்லை. "நான் ஐம்பதுக்கு மேல போறதே இல்ல சார்" என்றார். அவர் கழற்றியது காட்டுக்காகவும் இல்லை. அவருடைய அப்பாவுக்கு 78 வயது. முதுகில் ஆபரேஷன் நடந்தது. வாரம் ஒரு முறை பிசியோதெரபிக்கு அழைத்துப் போக வேண்டும். ஒரு பக்கச் சக்கரம் குழியில் விழும்போதெல்லாம் வண்டி பக்கவாட்டில் உலுக்கும். அப்பா பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கம்பியைக் கழற்றிய பிறகு, "இப்பப் பரவால்லப்பா" என்றாராம்.

இதற்கு நான் என்ன பதில் சொல்ல முடியும்? அவர் சொல்வது அறிவியல்படியும் சரி. கம்பி இரண்டு சக்கரங்களைக் கட்டிப்போடுவதால், ஒரு சக்கரம் வாங்கும் அடி மறு பக்கத்துக்கும் போகும். தலை இடமும் வலமும் ஆடும். மைசூரின் வேகத்தடைகளில் நேராக ஏறினால் கம்பிக்கு வேலை இல்லை. இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான். ஆனால் நாம் யார் நேராக ஏறுகிறோம்? ஓரத்தில் மழைநீர் போக விட்ட இடைவெளியில் ஒரு சக்கரத்தை விட்டு, மறு சக்கரத்தை மேட்டில் ஏற்றிக் குறுக்காகத்தானே தாண்டுகிறோம். அப்போது உலுக்கத்தான் செய்யும்.

ஆனால் ஐம்பதுக்கு மேல் போவதில்லை என்பது அவர் தனக்குக் கொடுத்துக்கொண்ட வாக்கு. ரிங் ரோட்டில் குறுக்கே வரும் மாட்டுக்கு அந்த வாக்கைப் பற்றித் தெரியாது. அதையும் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, "அப்பா முதுகுக்கு வழி சொல்லுங்க, மாட்டுறேன்" என்றார்.

வழி சொன்னவர் மண்டி மொஹல்லாவில் எங்கள் இருவருக்கும் பொதுவான மெக்கானிக். நாற்பது வருஷ அனுபவம். தமிழ், கன்னடம், உருது மூன்றையும் ஒரே வாக்கியத்தில் கலப்பார். நண்பரின் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்தார். "சார், கம்பி மேல பழி போடாதீங்க. புஷ்ஷப் பாருங்க, பிஸ்கட் மாதிரி ஆயிருச்சு."

"அப்படின்னா கம்பியக் கழட்டினதும் ஆட்டம் குறைஞ்சுதே, பாய்?" என்றார் நண்பர்.

"குறையும் சார். வீட்ல கதவு கிரீச்சுன்னா கதவையே கழட்டினாலும் சத்தம் நின்னுரும்."

பட்டை ஸ்பிரிங்கின் புஷ்கள் காய்ந்து வெடித்திருந்தன. பட்டைகளுக்கு நடுவே துரு ஏறி ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தன. ஷாக் அப்சார்பர் ஒன்றில் எண்ணெய் கசிந்து உயிரே இல்லை. டயரில் இருக்க வேண்டியதைவிட ஏழெட்டு பாயின்ட் அதிகக் காற்று. பெட்ரோல் பங்கில் பையன் கை போன போக்கில் அடித்தது. பட்டைகளைப் பிரித்துத் துரு நீக்கி கிரீஸ் போட்டார். புஷ்களையும் நான்கு ஷாக்குகளையும் மாற்றினார். காற்றைக் கம்பெனி சொன்ன அளவுக்கு இறக்கினார். பழைய கம்பி நண்பர் வீட்டுப் பரணில் இருந்தது. அதற்கும் புது புஷ் போட்டு மாட்டினார். அப்பாவிடம் எதையும் சொல்லவில்லை. இரண்டு வாரம் கழித்து, "வண்டிய என்னடா பண்ணின? போன மாசத்துக்கு இப்ப தேவல" என்றாராம் பெரியவர். கம்பி திரும்ப வந்தது அவருக்கு இன்றுவரை தெரியாது.

எல்லா வண்டிக்கும் இந்த முடிவு பொருந்தும் என்று சொல்லமாட்டேன். முப்பது வயதுப் பட்டை ஸ்பிரிங் வண்டி எதைச் செய்தாலும் மெத்தையாகாது. அதே போல, தோட்டத்தை விட்டு வெளியே வராத எஸ்டேட் ஜீப்புக்குக் கம்பி அநாவசியம். மணிக்கு 20 கி.மீ. தாண்டாத வண்டி எதற்காகச் சாயப்போகிறது? கேள்வி என் போன்றவர்களுக்குத்தான். ஒரே வண்டி, இரண்டு வாழ்க்கை.

இந்த இரட்டை வாழ்க்கைக்குப் பெரிய கம்பெனிகள் விடை கண்டுபிடித்திருக்கின்றன. 2020-ல் இந்தியாவுக்கு வந்த ஜீப் ரேங்லர் ரூபிகானில் ஒரு பட்டன் இருக்கிறது. அழுத்தினால் முன்கம்பி இரண்டாகப் பிரிந்துகொள்ளும். வேகம் மணிக்கு 29 கி.மீ. அளவைத் தாண்டினால் தானாகவே சேர்ந்துகொள்ளும். அதாவது, டிரைவர் மறந்தாலும் வண்டி மறக்காது. விலைதான் நமக்கு எட்டாது. அதே 2020 அக்டோபரில் வந்த மஹிந்திரா தாரில் முன்னும் பின்னும் கம்பி உண்டு. அதிலும் கழற்றுகிறார்கள். அந்த வண்டியின் சில மாடல்களில் சறுக்கலையும் கவிழ்வதையும் தடுக்க எலெக்ட்ரானிக் ஏற்பாடு உண்டு. கம்பி இருக்கும் வண்டியை மனதில் வைத்துப் போட்ட கணக்கு அது. கம்பியைக் கழற்றிவிட்டு அந்தக் கணக்கை மட்டும் நம்புவது நியாயமில்லை.

கழற்றுபவர்கள் பெரும்பாலும் அதோடு நிற்பதும் இல்லை. இரண்டு அங்குலம் உயர்த்துவது, பெரிய டயர், கூரை மேல் கேரியர், அதில் ஒரு ஸ்டெப்னி என்று போய்க்கொண்டே இருக்கும். ஒவ்வொன்றும் வண்டியின் பாரத்தை மேலே ஏற்றுகிறது. கம்பி அதிகமாகத் தேவைப்படும் வண்டியில்தான் கம்பி இல்லாமல் போகிறது. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு வண்டியில் செய்யும் மாற்றங்களைக் கட்டுப்படுத்துகிறது. தயாரிப்பாளரின் மூல அமைப்பை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொன்னது. பதிவுச் சான்றிதழில் இந்தக் கம்பிக்கென்று ஒரு கட்டம் கிடையாது, அதனால் யாரும் நிறுத்திக் கேட்பதில்லை. ஆனால் பெரிய விபத்துக்குப் பிறகு இன்ஷூரன்ஸ் சர்வேயர் வண்டிக்கு அடியிலும் குனிந்து பார்ப்பார்.

என் ஏற்பாடு இதுதான். தோட்டத்தின் கேட் வரை கம்பியோடு போவேன். மழை இல்லாத நாளில் கம்பியைத் தொடுவதே இல்லை. டயர் காற்றை இறக்கினாலே போதும். காற்று குறைந்த டயர் மண்ணில் அகலமாகப் படிந்து பிடிக்கும். கம்பியைக் கழற்றுவதில் கிடைக்கும் லாபத்தைவிட, பட்டை ஸ்பிரிங் ஜிப்ஸிக்கு இது பெரிய லாபம். ஒரு முறை தோட்டத்துப் பாறையில் இரண்டு விதமாகவும் ஏற்றிப் பார்த்தோம். கம்பியைக் கழற்றியதில் தொங்கிய சக்கரம் கூடுதலாக இறங்கியது நாலு விரல் அளவு. அவ்வளவுதான். விறைப்பில் பெரும் பகுதி பட்டைகளிலேயே இருக்கிறது.

சேறும் பள்ளமும் அதிகமான நாட்களில் மட்டும் கழற்றுவேன். வண்டியைச் சமதரையில் நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் முறுக்கில் இருக்கும் கம்பி போல்ட்டை உருவும்போது கையில் அடிக்கும். இரண்டு முனையையும் கழற்ற வேண்டும். கழற்றிய முனைகளை பிரேக் ஹோஸிலோ டயரிலோ உரசாதபடி மேலே தூக்கிக் கட்ட வேண்டும். திரும்பும்போது அதே கேட்டில் மாட்ட வேண்டும், காற்றும் அடிக்க வேண்டும். எல்லாம் சேர்ந்து இருபது நிமிஷம். கேட்டுக்கு வெளியே குஷால்நகர் ரோடு. அங்கே எதிரே வருபவர்களுக்கு நான் எந்தப் பாறையில் ஏறினேன் என்பது பற்றி அக்கறை இல்லை. என் வண்டி அதன் பாதையில் நிற்க வேண்டும் என்பதே அவர்களுக்கு வேண்டியது.

அந்த இருபது நிமிஷமும் ஸ்பானர் எடுத்துக் கொடுப்பது மகளின் வேலை. இடது பக்கம் நான் இறுக்கியதும் வலது பக்கம் அவள் ஒரு முறை இழுத்துப் பார்ப்பாள். பிறகுதான் பின்னால் ஏறி உட்காருவாள்.